காய்கறித் தோலில் முறுகல் சிற்றுண்டி: வாசகர் கேள்வி – பதில்

சமையலின்போது சீவி ஒதுக்கும் தோல்களில் மொறுமொறுப்பான தின்பண்டம் செய்யலாமா என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: முன்பு வீட்டில் மாடு நின்றது. காய்கறித் தோல்களைக் கழுநீர் வாளிக்குள் போட்டுவிடுவோம். இப்போது அவை குப்பைப் பையோடு போகின்றன. மாலையில் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகளோ கடைப் பக்கற்றுச் சீவல்களையே கேட்கிறார்கள். தோலில் செய்யும் சிற்றுண்டி உண்மையிலேயே உடலுக்கு நல்லதா? எந்தெந்தத் தோல்கள் ஏற்றவை?
– வாசகி, சுன்னாகம்

பதில்: தோலால் கிடைக்கும் முதன்மையான நன்மை அதன் நார்ச்சத்து. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. காலையில் பாண் அல்லது இடியப்பம், மதியம் வெள்ளையரிசிச் சோறு, இரவில் மீண்டும் மா உணவு என்று செல்லும் வீடுகளில் அந்த அளவை எட்டுவது எளிதன்று. அங்கே தோல் கைகொடுக்கும். ஆனால் உருளைக்கிழங்கின் சத்தெல்லாம் தோலில்தான் இருக்கிறது என்று பலரும் சொல்வது சரியான செய்தியன்று. அதிலுள்ள விற்றமின் சி, பொற்றாசியம் ஆகியவற்றின் பெரும்பகுதி சதையிலேயே உள்ளது.

அடுத்து எண்ணெய். கடையில் விற்கும் உருளைக்கிழங்குச் சீவலின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகும். தோலைச் சீவிய ஈரத்தோடு தாச்சியில் போட்டுப் பொரித்தால், வீட்டில் செய்வதும் அதற்குக் குறைந்ததாக இராது. பொரியும்போது காய்க்குள் இருக்கும் நீர் ஆவியாக வெளியேற, அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு நீர் வெளியேறுகிறதோ அதற்கேற்ப எண்ணெயும் உள்ளே போகிறது. ஆகவே, எண்ணெயைத் தொடுமுன்பே தோலின் நீரைப் போக்கிவிட வேண்டும் என்பதே இந்தச் சமையலில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்த விரும்புவது. பாவற்காயையும் கத்தரிக்காயையும் வற்றலாக்கி, மிளகாயை மோரில் ஊறவைத்துக் காயவைத்துப் பொரிக்கும் நம் வீட்டு வழக்கத்தில் அந்த முறை ஏற்கெனவே இருக்கிறது. தோலுக்கும் அதையே கையாளலாம்.

வாழைக்காய்த் தோலை இவற்றில் முதலாவதாக வைப்பேன். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். பீர்க்கங்காயின் விளிம்பு நாரைச் சீவி எறிந்துவிட்டு, அடுத்த பச்சைத் தோலை எடுத்துச் சிறிது கடலை மா பிசறிப் பொரித்தால் மிக நன்றாக வரும். பூசணித் தோலை மெல்லியதாக நறுக்கி ஆவியில் அவித்த பிறகே காயவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பல்லுக்கு வேலை வைக்கும். கரட், வற்றாளங்கிழங்கு ஆகியவற்றின் தோல்களில் தொல்லை எதுவுமில்லை. பீற்றூட்டின் மண்வாசனைக்குக் காரணமான பொருள் தோலில்தான் செறிந்திருக்கிறது என்பதால், அதை எலுமிச்சம்புளி விட்டுப் பிசறினாலும் எல்லாப் பிள்ளைகளும் விரும்புவார்கள் என்று சொல்வதற்கில்லை. சுரைக்காய்த் தோலைப் பயன்படுத்துமுன் காயின் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தோலை மட்டுமன்றிக் காயையும் எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்பு கடுமையான வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கக்கூடியது, சமைத்தாலும் போகாதது.

கேள்வி: எங்கள் அயலில் உருளைக்கிழங்கும் பீற்றூட்டும் வெங்காயமும் செய்கிறார்கள். மருந்து அடிப்பதைக் கண்ணால் காண்கிறோம். அந்தத் தோலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு மனம் வரவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதுமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் தோல் சமையலைப் பற்றி எழுதுவதே தவறு என்பது என் கருத்து. தோலுடன் உண்ணும்போது மேற்பரப்பில் தங்கிய பீடைநாசினியும் சேர்ந்தே உள்ளே போகிறது.

கழுவுவதால் பயனுண்டு, ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 ஆம் ஆண்டில் அப்பிள் பழங்களைக் கொண்டு செய்த ஆய்வில், அப்பச் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் வரை ஊறவைத்தபோது, மேற்பரப்பில் இருந்த இரு வகை நாசினிகள் வெறும் நீரில் கழுவியதைவிட நன்றாக நீங்கின. தோலினூடாக உள்ளே சென்றுவிட்ட பகுதியை அதனாலும் நீக்க முடியவில்லை. அவர்கள் பயன்படுத்திய செறிவு ஒரு லீற்றர் நீருக்குச் சுமார் 10 கிராம், அதாவது மட்டமாக எடுத்த இரண்டு தேக்கரண்டி. நான் பரிந்துரைப்பது இதுதான்: காயைச் சீவுமுன்பே, முழுக்காயாக இருக்கும்போதே, ஓடும் நீரில் தும்பினால் தேய்த்து மண் போகக் கழுவி, சோடா நீரில் கால் மணி நேரம் வைத்து, மீண்டும் நல்ல நீரில் அலசி எடுங்கள். சீவிய பிறகு கழுவினால், மேலே இருந்த அழுக்கு வெட்டுப்பட்ட பக்கத்துக்கும் பரவிவிடும்.

செடியின் சாற்றோடு கலந்து பரவும் நாசினிகளுக்கு எந்தக் கழுவலும் தீர்வன்று. மருந்து அடித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பது போத்தலின் சுட்டுத்துண்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாட்களைக் காத்திருக்கும் தோட்டக்காரரை நீங்கள் அறிந்திருந்தால் அவரிடம் வாங்குங்கள். அயலில் இருப்பதால் கேட்டறியும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு. சந்தையில் வாங்கும் பட்டினவாசிக்கு அது இல்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாத காயின் தோலை எருக்குழிக்கு விட்டுவிட்டு, கிணற்றடி வாழை, வேலிப் பந்தலின் பீர்க்கு, வளவில் தானாகப் படர்ந்த பூசணி ஆகியவற்றின் தோலைச் சிற்றுண்டிக்கு எடுத்துக்கொள்வதே மனத்துக்கும் உடலுக்கும் நிம்மதி.

கேள்வி: உருளைக்கிழங்குத் தோலைப் பொரித்தேன். சில துண்டுகள் கருகிவிட்டன. சில துண்டுகள் தோற்பட்டை போலச் சவசவத்துக் கிடந்தன. சில கிழங்குகளின் தோல் பச்சையாகவும் இருந்தது. அதையும் சேர்த்துப் பொரிக்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: பச்சைத் தோலைச் சேர்க்கவே கூடாது. உருளைக்கிழங்கில் சொலனின், சக்கோனின் என்னும் இரு நச்சுப் பொருள்கள் இயற்கையாகவே உள்ளன. அவை சதையைவிடத் தோலிலும், முளை கிளம்பும் கண்களைச் சுற்றியும் அதிகம். கிழங்கில் வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகிறது. அந்தப் பச்சை நிறம் இலைகளில் இருக்கும் பச்சையமே, அதனால் தீங்கில்லை. ஆனால் அதே வெளிச்சம் நச்சையும் கூட்டிவிடுவதால், பச்சையைக் கண்டால் நச்சும் கூடியிருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். ஒரு கிலோ கிழங்கில் இவை மொத்தம் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை. அவித்தால் இவை அழிவதில்லை. பொரித்தாலும் முற்றாக நீங்குவதில்லை. அதிகமாக உண்டவருக்கு வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் ஏற்படும். வாயில் வைத்ததும் கசந்தாலோ தொண்டையில் எரிவு கண்டாலோ துப்பிவிடுவதே முறை.

பச்சை இல்லாத நல்ல கிழங்கிலும் இப்பொருள்கள் தோலில் ஓரளவு இருக்கவே செய்கின்றன. அதனால் உருளைக்கிழங்குத் தோலை எப்போதாவது ஒரு பிடி என்ற அளவோடு நிறுத்துங்கள். தினமும் கொடுக்க வேண்டாம், மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். கிழங்கை வெளிச்சம் படாத இடத்தில், காற்றோட்டமாக, சாக்கிலோ ஓலைப்பெட்டியிலோ வையுங்கள்.

கருகியதற்கும் சவசவத்ததற்கும் வருவோம். கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குளிரில் இருக்கும் கிழங்கின் மாப்பொருள் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரை எண்ணெயில் பட்டதும் விரைவில் கறுக்கும். கறுப்பது சுவைக் கேடு மட்டுமன்று. மாப்பொருள் நிறைந்த உணவை 120 பாகை செல்சியஸுக்கு மேல் பொரித்தாலும் வாட்டினாலும் அக்ரிலமைட் என்னும் பொருள் உண்டாகிறது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் அது புற்றுநோயை உண்டாக்கியது. நிறம் கடுமையாகக் கடுமையாக அதன் அளவும் கூடுவதால், இளம் பொன்னிறம் வந்ததுமே இறக்கிவிட வேண்டும்.

சவசவப்புக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. சீவுகருவியால் எடுத்த தோல் மிக மெல்லியது. அதில் மாப்பொருள் ஒட்டியிராது. கிழங்கின் மாப்பொருள் சூட்டில் வெந்து இறுகுவதாலேயே முறுகல் கிடைக்கிறது. மாப்பொருளற்ற வெறும் தோல் காய்ந்த பட்டையாகத்தான் நிற்கும். எனவே கத்தியால் சிறிது சதை ஒட்டும்படி, இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் சீவுங்கள். மற்றது, தாச்சியை நிரப்பிப் போடுவது. ஈரமான தோலை ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, அது பொரிவதற்குப் பதிலாக எண்ணெயில் அவிகிறது. சீவிய தோலைக் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டு, துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுங்கள். ஓவன் இருந்தால், இரண்டு கைப்பிடி தோலுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி, 180 பாகையில் ஏறத்தாழ கால் மணி நேரம், இடையில் ஒருமுறை புரட்டி வாட்டுங்கள். கடைசி நிமிடங்களில் அடுப்படியை விட்டு நகரக் கூடாது. உப்பையும் மிளகுதூளையும் இறக்கிய பிறகே தூவுங்கள். முன்பே போட்டால் உப்பு நீரை வெளியே இழுத்து மீண்டும் இளக்கிவிடும்.

கேள்வி: எங்கள் வளவில் வாழை நிறைய உண்டு. அம்மம்மா வாழைக்காய்த் தோலில் சம்பலும் வறையும் செய்வார். அதையே மொறுமொறுப்பாகச் செய்ய முடியுமா? நாங்கள் செய்தால் கறுத்துக் கயர்க்கிறது.
– வாசகி, நீர்வேலி

பதில்: முடியும், அருமையாக வரும். வாழைக்குப் பெயர் பெற்ற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. சாம்பல் வாழைக்காயோ மொந்தனோ, நன்கு முற்றிய, ஆனால் சிறிதும் பழுக்காத காயாக எடுங்கள். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கயர் பிடிக்காது. முதலில் காயின் மேற்பரப்பையும் வரம்பையும் கத்தியின் விளிம்பால் மெல்லச் சுரண்டிவிட்டு, பிறகு தோலைச் சிறிது சதையோடு உரித்து, சுண்டுவிரல் நீளத்தில் மெல்லிய கீற்றுகளாக நறுக்க வேண்டும்.

தோல் கறுப்பதற்குக் காரணம், வெட்டுப்பட்ட இடத்தில் காற்றுப் பட்டதும் ஒரு நொதியம் தோலிலுள்ள துவர்ப்புப் பொருள்களோடு வேலை செய்யத் தொடங்குவதே. புளிப்பு அந்த வேலையைத் தாமதப்படுத்தும், சூடு நிறுத்திவிடும். ஆகவே நறுக்க நறுக்கக் கீற்றுகளை மேசையில் குவிக்காமல், மஞ்சளும் உப்பும் கலந்த புளித்த மோருக்குள் நேராகவே விழுத்துங்கள். அரை மணி நேரம் சென்றதும் மோரிலிருந்து வடித்தெடுத்து, நீத்துப்பெட்டியிலோ இட்டலித் தட்டிலோ வைத்து ஐந்து நிமிடம் ஆவியில் அவியுங்கள். மோரை ஊற்றிவிட வேண்டாம். அவித்த கீற்றுகளை ஆறவிட்டு, அதே மோரில் சிறிது செத்தல் மிளகாய்த் தூளும் பெருஞ்சீரகத் தூளும் கலந்து மீண்டும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். கயர்ப்பின் பெரும்பகுதி இவ்வளவில் அடங்கிவிடும்.

பிறகு சுளகில் ஐதாகப் பரப்பி, இலையான் மொய்க்காமல் வலைத்துணியால் மூடி வெயிலில் வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு நாள் போதும். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். கீற்று சுருங்கிக் கடும் பழுப்பாகி, இரு விரலால் வளைத்தால் வளையாமல் சட்டென்று முறிய வேண்டும். வளைந்து கொடுக்கும் வரை இன்னும் நீர் உண்டு.

பொரிப்பதற்கு அதிக எண்ணெய் தேவையில்லை. சிறிய தாச்சியில் இரண்டு விரற்கடை ஆழம் எண்ணெய் விட்டு, ஒரு கீற்றைப் போட்டுப் பாருங்கள். அது அடியில் தொட்டு உடனே மேலே எழுந்தால் சூடு சரி. ஒரு சிறு பிடியைப் போட்டதும் கீற்றுகளைச் சுற்றி நுண்ணிய குமிழிகள் இரைந்து எழும். சில நொடிகளில் இரைச்சல் தணிந்து குமிழிகள் அருகும். உள்ளிருந்த நீர் தீர்ந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தக் கணத்திலேயே கண்ணகப்பையால் அள்ளிவிட வேண்டும். இன்னும் சிறிது சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கசப்பு ஏறிவிடும். பொரித்த எண்ணெயை வடித்து அடுத்த நாள் கறி தாளிக்கப் பயன்படுத்தலாம். கறுத்து, தடித்து, புகையத் தொடங்கிய எண்ணெயை மறுபடி சூடாக்காதீர்கள்.

கேள்வி: மரவள்ளிக் கிழங்குப் பொரியல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விருப்பம். அதன் தோலையும் இப்படிப் பொரிக்கலாமா?
– வாசகர், கொடிகாமம்

பதில்: வேண்டவே வேண்டாம். மரவள்ளியிலுள்ள லினமரின் என்னும் பொருள், கிழங்கு வெட்டுப்படும்போதும் நசுங்கும்போதும் ஐதரசன் சயனைட் என்னும் கொடிய நஞ்சை வெளிவிடும். அது சதையைவிடத் தோலில் பல மடங்கு அதிகம். மேலே உள்ள மண்ணிறத் தோலை மட்டுமன்றி, அதன் அடியில் இருக்கும் தடித்த வெண்பட்டையையும் முழுமையாக உரித்து எறிய வேண்டும். புதிதாக உரித்த தோலைக் குவியலாக ஆடு மாடுகளுக்கு முன் போடுவதும் ஆபத்தானது. கருணைக்கிழங்கு, சேம்பு ஆகியவற்றின் தோல்களையும் ஒதுக்குங்கள். அவற்றிலுள்ள ஊசி போன்ற ஒட்சலேற்றுப் பளிங்குகள் வாயையும் தொண்டையையும் அரித்து வீங்கச் செய்யும்.

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. கடைத் தின்பண்டங்களை நிறுத்திவிட்டோம். தோலில் செய்த முறுகல் கொடுக்கலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: சிறு கிண்ணமளவு, தேநீரோடு, கிழமையில் ஓரிரு முறை கொடுக்கலாம். அரிசி மா, கோதுமை மா பிசறாதீர்கள். முறுகல் வேண்டி அவற்றைச் சேர்த்தால் நார்ச்சத்தினால் கிடைக்கும் நன்மையை மா தின்றுவிடும். பிசறித்தான் ஆக வேண்டுமென்றால் கடலை மா மெல்லிதாக. பீர்க்கங்காய், பூசணி, வாழைக்காய்த் தோல்களை ஓவனில் வாட்டிக் கொடுப்பது பொரிப்பதிலும் மேல்.

உப்பில்தான் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள் அது அடங்கிவிடும். அதில் பெரும்பகுதி கறியிலும் சொதியிலும் ஊறுகாயிலும் ஏற்கெனவே போய்விடுகிறது. மோரில் ஊறவைத்த வற்றல் காயக் காய உப்புக் கரிக்கும் என்பதால், அம்மாவுக்கென்று உப்பில்லாத மோரில் ஒரு பங்கைத் தனியாகப் போடுங்கள். மிளகு, சீரகம், எலுமிச்சம்புளி, வறுத்துப் பொடித்த கறிவேப்பிலை ஆகியவை உப்புக் குறையை நன்றாகவே ஈடுசெய்யும். சிறுநீரகப் பாதிப்பு இருப்பதாக வைத்தியர் சொல்லியிருந்தால், பொற்றாசியத்தின் பொருட்டு, அவரிடம் கேட்ட பின்பே எந்தத் தோலையும் கொடுங்கள்.

கேள்வி: இங்கே எயார் பிரையரில் செய்ய முயன்றேன். மெல்லிய தோல்கள் காற்றில் பறந்து மேலே ஒட்டிக் கருகுகின்றன.
– யாழ்ப்பாணத்து வாசகி, ரொறன்ரோ

பதில்: தோலின் மேல் ஒரு சிறிய உலோக வலைத்தட்டைக் கவிழ்த்து வையுங்கள், பறக்காது. சூட்டை 160 பாகை செல்சியஸுக்கு மேல் கூட்டாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை குலுக்கிவிடுங்கள். குளிர்நாட்டுக் கடைகளில் சில காய்களுக்கு மெழுகு பூசியிருப்பார்கள். தொட்டால் வழுக்கலாக மினுங்கும் காயின் தோலை இதற்கு எடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில். தட்டை வடையென்றாலும் முறுக்கென்றாலும் விரைவில் நமத்துவிடும். தோல் முறுகலை எப்படிப் பாதுகாப்பது? மாரியில் என்ன செய்வது?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: பொரித்ததைச் சேமிக்காதீர்கள், காய்ந்த வற்றலைச் சேமியுங்கள். பொரித்த முறுகல் காற்றின் ஈரத்தை இழுக்கும் வேகம் அதிகம். நல்ல மூடியுள்ள போத்தலிலும் சில நாட்களே நிற்கும். நன்கு காய்ந்த வற்றலோ மாதக்கணக்கில் இருக்கும். அவ்வப்போது தேவையான பிடியை எடுத்துப் பொரித்துக்கொள்ளலாம். எப்படியும் முற்றாக ஆறிய பின்பே மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருந்து எழும் ஆவி மூடியில் நீராகப் படிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். நமத்துப்போன முறுகலை எண்ணெய் விடாத தாச்சியில் இளஞ்சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் பிரட்டினால் மீண்டும் முறுகும். எண்ணெய்க் காறல் வாடை எழுந்திருந்தால் அதைத் திருத்த வழியில்லை.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையிலும் ஈரக்காற்றிலும் வற்றல் போடுவது வீண். அந்த மாதங்களில் ஓவனில் வாட்டி அன்றன்றே உண்பதோடு நிறுத்திக்கொண்டு, தைப்பொங்கல் கழிந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் ஆண்டுக்குரியதைப் போட்டு வையுங்கள். மாரிக்கு முன் போட்ட வற்றலை, இடையில் நல்ல வெயில் எறிக்கும் நாளில் ஒருமுறை வெளியே எடுத்துக் காயவிடலாம். ஆனால் ஒரு கீற்றிலாவது வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் படர்ந்திருக்கக் கண்டால், துடைத்துக் காயவைத்துப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் மற்றவற்றிலும் அது பரவியிருக்கும், பொரிக்கும் சூட்டிலும் அழியாத நச்சை விட்டுச் சென்றிருக்கவும் கூடும். அந்தப் போத்தலில் உள்ளதை முழுவதுமாக எறிந்துவிட்டு, போத்தலை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த முறை வற்றலை அதில் போட வேண்டும்.